முதல் சரித்திர நாவல் கல்கியுடையது அல்ல

'தமிழில் சரித்திர நாவலே பொன்னியின் செல்வனோடுதான் தொடங்கியது' என்று மேலே எழுதிய தம்பிக்கு ஒரு சின்னத் திருத்தம். கல்கியே அதற்கு முன்பு பார்த்திபன் கனவையும் சிவகாமியின் சபதத்தையும் எழுதிவிட்டார். பொன்னியின் செல்வன் தொடராக வரத் தொடங்கியது 1950இல்தான்.

அதைவிட முக்கியம், 1895இலேயே 'மோகனாங்கி' வந்துவிட்டது. தமிழின் முதல் சரித்திர நாவலாகப் பலரும் சொல்வது அதைத்தான். நாயக்கர் காலக் கதை, அச்சானது சென்னையில். எழுதிய த. சரவணமுத்துப்பிள்ளை யார் தெரியுமா? திருகோணமலைக்காரர்! மட்டக்களப்பில் இருந்துகொண்டு நாமே பக்கத்து ஊர்க்காரரை மறந்தால் எப்படி? கல்லடியில் என் கூட்டாளிகளிடம் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் நாற்பது வயது வரை தெரியாது, அது வேறு கதை.

கல்கியின் பங்கு சின்னது என்று சொல்லவரவில்லை. வாரம் ஒரு அத்தியாயம், முடிவில் ஒரு திடுக்கிடல், மணியத்தின் ஓவியம் என்று சரித்திரத்தை வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்தவர் அவர். கல்வெட்டில் கண்ட பெயர்களோடு நந்தினி போன்ற கற்பனைப் பாத்திரங்களைக் கலந்த விதத்தைத்தான் பின்னால் வந்த பலரும் பிடித்துக்கொண்டார்கள். பரப்பியவர் என்று எழுதுங்கள், சரி. தொடங்கியவர் என்பதை மட்டும் மாற்றிவிடுங்கள்.