பையை விட்டு வெளியே வராத பட்டர்

பெங்களூரில் பிள்ளைகளைக் கோல்ஃப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று மூன்று மாதங்களாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். நாம் பணம் கட்டுவது ஆட்டம் கற்பதற்கா, பந்தைக் காலி செய்வதற்கா?

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே அல்சூரிலிருந்து பதினொரு வயது மகளையும் அவள் தோள் உயரத்துக்கு நிற்கும் பையையும் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தால், ஒரு பக்கெட் நிறைய நூறு பந்துகளைக் கொடுத்து, வெகுதூரம் அடிக்கும் மட்டையான டிரைவரையும், நடுத்தர தூரத்துக்கான ஏழாம் நம்பர் அயர்னையும் வைத்து ஒரே திசையில் அடித்துத் தள்ளச் சொல்கிறார்கள். இருபத்தைந்து நிமிடங்களில் பக்கெட் காலி. நாற்காலியில் சாய்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருக்கும் பயிற்சியாளர் தலையை நிமிர்த்தி, "நல்லா இருக்கு, இன்னொரு பக்கெட் அடி" என்பார். அதற்குப் பெயர் பயிற்சியாம்!

நல்லா இருக்கிறது என்று எப்படித் தெரிந்தது? அவள் நிற்பது ரப்பர் விரிப்பின் மேல். மட்டை பந்துக்கு இரண்டு அங்குலம் முன்னாலேயே தரையைத் தொட்டுவிட்டாலும் விரிப்பில் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அடித்துவிடும். பந்தும் பறக்கும், குழந்தையும் சரியாக அடித்ததாகவே நம்பும். அதே அடியைப் புல்லில் அடித்தால் மட்டை மண்ணைத் தோண்டும். போன மாதப் போட்டியில் முதல் குழியிலேயே அதுதான் நடந்தது. பந்தைவிடப் புல்கட்டி அதிக தூரம் போயிற்று. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். ஆயிரக்கணக்கான பந்துகள் அடித்த பிள்ளைக்குத் தான் செய்யும் தவறு இன்னது என்று அன்றுதான் தெரிந்தது என்றால், இத்தனை மாதங்கள் என்னதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?

இதைவிட வயிற்றெரிச்சல், பட்டர் கதை, அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் மட்டையின் கதை. (பட்டர் என்றால் என் அம்மாவுக்கு இன்றும் பெருமாள் கோவில் பட்டர்தான், அவராவது தினமும் வெளியே வருகிறார்.) பதினெட்டுக் குழிகளுக்கு 72 அடிகள் (பார் 72) என்ற கணக்கிலேயே குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகள் பட்டிங்குக்கு, அதாவது பட்டரால் உருட்டுவதற்கு, ஒதுக்கப்பட்டவை, டிரைவரை ஒரு சுற்றில் பெரும்பாலும் பதினான்கு முறைக்கு மேல் எடுக்க வேண்டியிராது. ஒன்பது குழிகளில் என் மகளுக்கு 23 பட் ஆனது என்று சொன்னதற்கு, தூரம் போதவில்லை, புது டிரைவர் வாங்குங்கள் என்று பதில் வருகிறது. இதே ஊரில் பிறந்து வளர்ந்த அதிதி அசோக், டோக்கியோ ஒலிம்பிக்கில் தன்னைவிட வெகுதூரம் அடித்தவர்களுக்கு நடுவே, பெரும்பாலும் பட்டரின் துணையால், ஒரே ஓர் அடியில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தார் என்பது இவர்களுக்குத் தெரியாதா? தெரியும். சுவரில் படம்கூட மாட்டியிருக்கிறார்கள்.

அப்பாக்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர். பின்னால் நின்று வீடியோ எடுத்தபடியே ஒரு பந்துக்கு நான்கு கட்டளைகள் போட்டால், பிள்ளை எதை நினைத்துக்கொண்டு மட்டையை வீசும்? அந்த வரிசையில் நானும் நின்றவன்தான். மகள் ஒருநாள் "நீங்க கார்லயே இருங்கப்பா" என்ற பிறகுதான் உறைத்தது.

நூறு வேண்டாம், முப்பது பந்துகள் போதும்; ஒவ்வொன்றுக்கும் மட்டையையும் இலக்கையும் மாற்றி, உண்மையான ஆட்டத்தைப் போல மறுவாய்ப்பு இல்லாமல் அடிக்கட்டும், மீதி நேரம் முழுவதும் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனில் இருக்கட்டும் என்று கெஞ்சிக் கேட்டேன். பக்கெட்டுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டதே என்றார்கள்.

ஆகவே இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் எவர்சில்வர் டம்ளரைச் சாய்த்து வைத்திருக்கிறோம். குழியின் அகலம் 108 மில்லிமீட்டர்; டம்ளரின் வாய் அதைவிடச் சிறிது. மூன்றடியிலிருந்து தொடர்ந்து பத்து பந்துகள் விழ வேண்டும், ஒன்று தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்து. நேற்று ஒன்பதாவது பந்து விளிம்பில் பட்டு விலகியது. அவள் வாயைத் திறக்காமல் பந்துகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: அடுத்த மாதக் கட்டணத்துடன் இரண்டு பக்கெட் இலவசம்.