காயினாக வாங்குங்கள் என்று சொன்ன மகராசர்களே

"நகை வாங்காதீங்க சார், செய்கூலி சேதாரம் எல்லாம் தண்டம். தங்கத்தைக் காயினா வாங்கிப் போடுங்க. எப்ப வேணும்னாலும் காசாக்கிக்கலாம்." யூடியூபிலும் ஆபீஸ் கேன்டீனிலும் கல்யாணப் பந்தியிலும் இந்த உபதேசத்தைக் கேட்காத ஆள் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. சொன்ன அத்தனை பேரையும் ஒரே வேனில் ஏற்றி, மதுரையில் நகைக்கடைகள் வரிசை கட்டி நிற்கும் தெற்கு ஆவணி மூல வீதியில் இறக்கி, ஆளுக்கு ஒரு காயினைக் கையில் கொடுத்து, "இந்தா, காசாக்கிக் காட்டு" என்று விட்டுவிட்டு வர வேண்டும். அவ்வளவு ஆத்திரத்தில் இருக்கிறேன்.

மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு என்று சொல்லியே சேர்த்தது. அட்சய திருதியைக்கு ஒரு கிராம், போனஸ் வந்தால் நாலு கிராம், கையில் கொஞ்சம் காசு புரண்ட ஒரு வருடத்தில் இருபது கிராம் பிஸ்கட் ஒன்று. கொஞ்சம் வங்கியில் வாங்கியது, மிச்சம் நகைக்கடையில். பீஸ் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது, டப்பாவோடு கிளம்பினேன்.

முதலில் வங்கி. விற்றவனிடமே திரும்பக் கொடுப்பதுதானே முறை?

"சார், நாங்க விக்கிறதோட சரி. திரும்ப வாங்குறதில்ல."

"நீங்க வித்ததுதானே? உங்க முத்திரைதானே இருக்கு?"

"ஆமா சார். ஆனா ரூல் அப்படி."

அவர் பொய் சொல்லவில்லை. தங்கக் காசு விற்க வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி உண்டு. விற்றதைத் திரும்ப வாங்கிக்கொள்ள அனுமதி கிடையாது. ஆனால் இந்த ரூலை விற்ற அன்றைக்கு ஒருத்தரும் சொல்லவில்லையே! அன்றைக்குச் சொன்னதெல்லாம் 999.9 சுத்தம், சீல் வைத்த அட்டை, உள்ளேயே தரச் சான்று என்பதுதான். வெளிக்கடை ரேட்டைவிட அதிகம் வைத்தார்கள், அதையும் "பேங்க் சார், நம்பிக்கைக்குத்தான் அந்த விலை" என்றார்கள். அந்த நம்பிக்கைக்கு இன்றைக்கு அதே கவுன்ட்டரில் பத்து பைசா மதிப்பில்லை.

சரி, நகைக்கடை. வாங்கப் போகும்போது வாசலில் கும்பிடு, உள்ளே ஏசி, உட்கார்ந்ததும் ரோஸ்மில்க். விற்க வந்திருக்கிறோம் என்று சொன்னதும் கை மாடிப்படிப் பக்கம் நீளும். "பழசு அங்க சார்." அச்சு அழியாத, சீல் பிரியாத காசுக்குப் பெயர் பழசு. அங்கே ஒருவர் முதல் வேலையாகக் கத்தரிக்கோலை எடுத்து அட்டையை வெட்டினார். எந்தச் சீலுக்காக நான் கூடுதல் காசு கொடுத்தேனோ அந்தச் சீல். "மிஷின்ல வைக்கணும்ல சார்." வைத்தார். 99.9 என்றுதான் மிஷினும் சொன்னது. அதற்கப்புறம் கால்குலேட்டரைத் தட்டிக் காட்டிய தொகையைப் பார்த்தால், 22 காரட் ரேட்டு!

"இது 24 காரட்டுங்க."

"கடையில 22 ரேட்டுக்குத்தான் எடுப்போம் சார். அதுலயும் மூணு பர்சன்ட் கழியும்."

இது என்ன கணக்கு என்று யாராவது விளக்குங்கள். 22 காரட் என்றால் ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம். என் காசில் இருப்பது 999. 22 ரேட்டில் எடுத்தால் நூற்றுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் அந்த இடத்திலேயே காணாமல் போகிறது. அதே கடையில் அதே நாளில் 24 காரட் காசு கேட்டுப் பாருங்கள், 22 ரேட்டுக்குத் தருவார்களா? பக்கத்துக் கடைகளிலும் ஏறி இறங்கினேன். ஒருவர் 24 ரேட்டுக்கே எடுக்கிறேன் என்றார், ஆனால் "எங்க பில்லு இருந்தாத்தான்". அவர்கள் கடை பில்லும் ஒன்று என்னிடம் இருந்தது. பர்ஸிலிருந்து எடுத்தால் வெறும் வெள்ளைத்தாள். சூட்டில் அச்சாகும் அந்தப் பளபளப்புக் காகிதத்தில் பில் போட்டால் எழுத்து எத்தனை நாள் நிற்கும்? லட்சக்கணக்கில் விற்கிற பொருளுக்கு டீக்கடை டோக்கன் தாளில் பில் கொடுக்கிறவர்கள், வாங்கும்போது மட்டும் அதைத் தாமிரப் பட்டயம் மாதிரி கேட்கிறார்கள்.

சரி, நல்ல கடையாகவே கிடைத்தது என்று வையுங்கள். கணக்கு போட வசதியாக கிராம் பத்தாயிரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் காசுக்கு செய்கூலி என்று ஐந்து சதவீதம் போடுகிறார்கள். 10,500. அதன்மேல் மூன்று சதவீத ஜிஎஸ்டி, 10,815. வீட்டுக்கு வரும் வழியில் மனசு மாறி அதே நாள் விற்கப் போனால், மூன்று சதவீதம் கழித்து 9,700. ஒரு மதியத்தில் ஆயிரத்து நூற்றுப் பதினைந்து ரூபாய் அவுட். போட்ட காசு போட்டபடி கைக்கு வரவே போர்டு ரேட் பதினொன்றரை சதவீதம் ஏற வேண்டும். கிராம் குறையக் குறைய இந்தச் செய்கூலி விகிதம் இன்னும் ஏறும். அரை கிராம், ஒரு கிராம் என்று சிறுகச் சிறுகச் சேர்க்கிறவன்தான் அதிகம் இழக்கிறான். நூறு கிராம் பிஸ்கட் வாங்குகிறவனுக்குச் சேதம் குறைவு.

அதென்ன காசுக்குச் செய்கூலி? வளையலுக்குப் பட்டறையில் ஒரு ஆசாரி நாள்கணக்கில் உட்கார்ந்து ஊதி, பற்றவைத்து, மெருகு போடுகிறார். அவருக்குக் கூலி கொடுக்க எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. காசு என்பது மிஷினில் ஒரு குத்து. லட்சுமி படம் விழுந்தால் வேலை முடிந்தது. சில கடைகளில் சேதாரம் என்றும் ஒரு வரி போடுகிறார்கள். தட்டையான ஒரு வட்டத்தில் எங்கே ஐயா சேதாரம்?

"அப்படியே ஒரு செயினா எடுத்துக்கங்களேன் சார், கழிவே கிடையாது" என்று ஒரு வலை வேறு வீசுகிறார்கள். எடுத்தால் செயினுக்குச் செய்கூலி, சேதாரம், முழு மதிப்புக்கும் மறுபடி மூன்று சதவீத ஜிஎஸ்டி. நகை வேண்டாம் என்றுதானே காசு வாங்கினேன்? சுற்றி வளைத்து என்னை அதே நகையிடம் கொண்டுவந்து விடுவதற்கு இத்தனை வருடமா? கல்லூரியில் பீஸுக்குப் பதில் செயின் வாங்கிக்கொள்வார்களா?

"விலைதான் ஏறிடுச்சே, லாபம்தானே, எதுக்குப் புலம்புறே" என்று கேட்க ஆள் இருக்கும். ஏறியது உண்மை. 2025 ஜனவரியில் அறுபதாயிரத்தைத் தாண்டிய சவரன் அந்த வருடம் முடிவதற்குள் ஒரு லட்சத்தையும் தாண்டிவிட்டது. அந்த ஏற்றம்தான் இந்தக் களவு முழுவதையும் மூடி மறைக்கிறது. எப்போதும் இப்படி ஏறுமா? 2012-ல் பத்து கிராம் சுத்தத் தங்கம் முப்பதாயிரத்தை ஒட்டி இருந்தது. 2018-லும் ஏறக்குறைய அங்கேயேதான் நின்றது. நடுவில் காசு வாங்கி, நடுவிலேயே விற்க நேர்ந்தவர்கள் எவ்வளவு விட்டார்கள் என்று எந்த யூடியூப் மகராசரும் வீடியோ போடவில்லை. 2024 ஜூலையில் பட்ஜெட்டில் இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைத்த அன்றைக்கு, ஒரே நாளில் சவரனுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் இறங்கியது. வரி குறைந்தது நல்லதுதான். ஆனால் 15 சதவீத வரி சேர்ந்த விலையில் வாங்கி பீரோவில் வைத்திருந்தவனுக்கு அந்த வித்தியாசத்தை யார் கொடுப்பார்கள்? இதற்கு மேல் விற்ற லாபத்துக்கு வருமான வரி, இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்தால் 12.5 சதவீதம். லாபத்தைக் காட்ட வாங்கிய விலைக்கு ஆதாரம் வேண்டும். ஆதாரம்தான் வெள்ளைத்தாளாகிவிட்டதே.

சிங்கப்பூரில் இருக்கும் என் மச்சான் இதைக் கேட்டுச் சிரிக்கிறான். அங்கே 2012 அக்டோபரிலிருந்து முதலீட்டுக்கான சுத்தத் தங்கத்துக்கு ஜிஎஸ்டியே இல்லை. இங்கிலாந்திலும் ஐரோப்பிய நாடுகளிலும் முதலீட்டுத் தங்கத்துக்கு வாட் விலக்கு உண்டு. நம் ஊரில் கல் வைத்த ஆரத்துக்கும் மொட்டைக் காசுக்கும் ஒரே மூன்று சதவீதம். உலகத்திலேயே தங்கம் அதிகம் வாங்கும் நாடுகளில் ஒன்று நாம். அதைச் சேமிப்பாக வாங்குகிறவனுக்கென்று தனியாக ஒரு வழி இல்லை.

இருந்ததே ஒரு வழி, அதையும் மூடிவிட்டார்கள். 2015 நவம்பரில் அரசு தங்கப் பத்திரம் கொண்டுவந்தது. கையில் தங்கம் வராது, அன்றைய தங்க விலைக்கு ஒரு பத்திரம், முதிரும்போது அப்போதைய தங்க விலைக்குப் பணம். கிராம் 2,684 ரூபாய்க்கு வெளியிட்ட முதல் தொகுதி எட்டு வருடம் கழித்து 6,132 ரூபாய்க்கு முதிர்ந்தது. நடுவில் வருடத்துக்கு 2.75 சதவீத வட்டி. செய்கூலி இல்லை, கத்தரிக்கோல் இல்லை, மாடிப்படிக் கவுன்ட்டர் இல்லை. விலை ஏற ஏற அரசுக்குக் கட்டுப்படியாகவில்லை போலிருக்கிறது, 2024 பிப்ரவரி வெளியீட்டோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது மிச்சம் இருப்பது பங்குச் சந்தையில் தங்க இடிஎஃப், அதாவது தங்க விலையோடு ஏறி இறங்கும் ஃபண்ட். பங்கு வாங்கி வைக்கும் டீமேட் கணக்கு வைத்திருப்பவனுக்குச் சரி, என் அம்மாவுக்கு அதை எப்படி விளக்குவது? போனிலேயே பத்து ரூபாய்க்கு வாங்கலாம் என்று ஆசை காட்டும் டிஜிட்டல் தங்கம் தன் கண்காணிப்புக்குள் வராது என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2025 நவம்பரில் எச்சரித்துவிட்டது.

விற்க வேண்டாம், அடகாவது வைப்போம் என்று திரும்ப வங்கிக்குப் போனேன். அங்கேதான் உச்சம். பிஸ்கட்டுக்கு அடகே கிடையாதாம். கட்டித் தங்கத்தின் பேரில் கடன் கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. காசு என்றால் ஒருவருக்கு ஐம்பது கிராம் வரைதான், அதுவும் வங்கி விற்ற காசாக இருந்தால்தான் தாங்கள் எடுப்போம் என்றார்கள். வங்கியில் வாங்கிய காசை நீட்டினேன். "சீல் பிரிஞ்சிருக்கே சார், இது எங்க காசுதான்னு எப்படி எடுத்துக்கிறது?" மிஷினில் வைக்க வேண்டும் என்று கடைக்காரர் வெட்டிய அதே சீல்! அவர் வெட்டாமல் வாங்க மாட்டார், இவர்கள் வெட்டியதை வாங்க மாட்டார்கள்.

1991 ஜூலையில் அந்நியச் செலாவணி தீர்ந்துபோய்த் தவித்தபோது இதே ரிசர்வ் வங்கி என்ன செய்தது? ஏறக்குறைய 47 டன் தங்கத்தை விமானத்தில் ஏற்றி, பாங்க் ஆஃப் இங்கிலாந்தில் கொண்டுபோய் வைத்துக் கடன் வாங்கியது. அனுப்பியது ஒட்டியாணமும் வளையலும் இல்லை, கட்டித் தங்கம்தான். நாட்டுக்கு ஆபத்து என்றால் கட்டி அடகுக்குச் செல்லும். என் வீட்டுக்கு ஆபத்து என்றால் செல்லாது.

கடைசியில் பீஸ் கட்டியது மனைவியின் செயின். "முதலீடுன்னா நகையே வாங்கக் கூடாது" என்று நான் வகுப்பெடுத்தபோதெல்லாம் காதில் வாங்காமல் அவள் வாங்கிய அதே செயின். அதே வங்கி, அதே மேசை. எடை போட்டார்கள், உரசிப் பார்த்தார்கள், டீ குடித்து முடிப்பதற்குள் கணக்கில் பணம் விழுந்தது. நகை என்றால் ஒரு கிலோ வரை அடகு வைக்கலாமாம்! வீட்டில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. பீரோவைத் திறந்து காயின் டப்பாவை உள்ளே வைக்கும்போது மட்டும், "இது எதுக்குங்க இடத்தை அடைச்சுக்கிட்டு" என்றாள்.

எனக்கு வரியைக் குறைக்க வேண்டாம், பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டாம். ஒன்றே ஒன்று. டாலர் மாற்றும் கடைக்குப் போங்கள். வாங்கும் விலை ஒரு வரிசை, விற்கும் விலை ஒரு வரிசை, இரண்டையும் போர்டில் போட்டிருப்பார்கள். நகைக்கடை போர்டில் ஏன் ஒரே ஒரு ரேட் மின்னுகிறது? "நாங்கள் விற்பது இவ்வளவு, எங்கள் காசை நாங்களே திரும்ப எடுப்பது இவ்வளவு" என்று எழுத எத்தனை விளக்கு கூடுதலாகப் போட வேண்டும்? ஹால்மார்க்கைச் சட்டமாக்கி, ஒவ்வொரு நகையிலும் ஆறு எழுத்து எண் பொறிக்க வைத்த அரசுக்கு இது ஒரு சுற்றறிக்கை வேலை. தெற்கு ஆவணி மூல வீதியில் ஒரு மேனேஜரிடம் கேட்டே விட்டேன். "அது பொருளப் பாத்துத்தான் சார் சொல்ல முடியும்" என்றார். உன் கடை முத்திரை போட்ட, உன் கடையிலேயே வாங்கிய பொருளில் பார்க்க என்ன ஐயா இருக்கிறது?

அப்படி இரண்டு ரேட்டும் போர்டில் எழுதியிருக்கும் கடை மதுரையில், திருச்சியில், கோயம்புத்தூரில், எங்கே இருந்தாலும் சொல்லுங்கள். டப்பாவோடு நாளைக்கே பஸ் ஏறுகிறேன்.