எந்தத் துளை என்று மட்டும் சொல்லாத கட்டளை

திருப்பூரில் பனியன் பெட்டிகளுக்கான பார்கோடு பிரிண்டர், லாரி வாசலில் வந்து நிற்கும் வேளையாகப் பார்த்துத்தான் கணினியின் கண்ணிலிருந்து மறையும். யூஎஸ்பி துளைகளில் செருகியவற்றைப் பட்டியலிடும் லினக்ஸ் கட்டளையான எல்எஸ்யூஎஸ்பி என்று தட்டினால், 'பஸ் 001 டிவைஸ் 004' என்று கீபோர்டையும் மவுஸையும் சாவகாசமாக ஒப்பிக்கிறது. காணாமல் போனதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. ஐயா, அந்த 001 என்பது முன்பக்கத் துளையா, பஞ்சுத் தூசி அடைத்துக் கிடக்கும் பின்பக்கத் துளையா? கேபிளைப் பிடுங்கிச் செருகினால் 004 என்பது 005 ஆகிவிடும். அதே பொருளுக்கு, அதே துளையில், மறுபடியும் பெயர்சூட்டு விழா.

போர்ட்டின், அதாவது அந்தத் துளையின், நிலை தெரிய வேண்டுமானால் கட்டளையோடு 'மைனஸ் வி' சேர்க்க வேண்டுமாம். ரூட் எனும் நிர்வாகி அனுமதி இல்லாவிட்டால், திறக்க முடியவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அந்த அனுமதியைத் தரும் சூடோவை முன்னால் போட்டுக் கும்பிட்டாலோ, பக்கம் பக்கமாக டிஸ்கிரிப்டர்கள் என்ற சாதன விவரங்களைக் கொட்டி, துளைகளைப் பிரித்துக் கொடுக்கும் ஹப் பற்றிய பகுதியின் அடியில் '0000.0101' என்று ஒரு வரியைப் பதுக்கி வைத்திருக்கிறது. மின்சாரம் போகிறது, ஏதோ செருகியிருக்கிறது, ஆனால் போர்ட் இயங்கவில்லை என்பதே அதன் பொருள். செருகியவனுக்கே இது தெரியாதா?

காரணம் வேண்டுமென்றால், கணினியின் உள்குறிப்புகளைக் காட்டும் டிமெசேஜ் என்ற இன்னொரு கட்டளையின் பக்கம் போக வேண்டும். அங்கே 'எர்ரர் -71'. சூப்பர்வைசரிடம் போய், "அண்ணா, மைனஸ் எழுபத்தொன்னுன்னு வருதுங்க" என்றால் அவர் என்ன செய்வார், லாரியிலிருந்து 71 பெட்டிகளை இறக்கி வைப்பாரா?