ஒரே ஒரு மிளகு

(மளிகைக் கடை. மாலை ஆறு மணிக் கூட்டம் கலைந்த நேரம். அறிவியல் டீச்சர் கையில் ஒரு துண்டுச் சீட்டு.)

டீச்சர்: அண்ணாச்சி, ஒரு மிளகு கொடுங்க.

அண்ணாச்சி: ஐம்பது கிராமா, நூறா?

டீச்சர்: ஒரே ஒரு மிளகு. இல்லை, இரண்டாகக் கொடுங்க. வெள்ளியும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

அண்ணாச்சி: வெள்ளி விற்கிற விலையில் மிளகு அளவுதான் வாங்க முடியும் டீச்சர்.

டீச்சர்: அது வெள்ளிக் கிரகம் அண்ணாச்சி. நாளைக்கு ஆறாம் வகுப்புக்குச் சூரியக் குடும்பம் நடத்தணும். சுவர்ப் படத்தில் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் லட்டு மாதிரி உட்கார்ந்திருக்கு. பிள்ளைகள் அப்படியே நம்பிவிடுகிறார்கள்.

அண்ணாச்சி: கிரகம்னு முதலிலேயே சொல்லக் கூடாதா? நவதானியப் பாக்கெட் கட்டியே வைத்திருக்கேன். குருவுக்குக் கொண்டைக்கடலை, சனிக்கு எள்ளு...

டீச்சர்: பூமி மிளகு என்றால் சனி எலுமிச்சம்பழம். குரு, அதாவது வியாழன், நடுத்தரத் தக்காளி. பூமியைவிட 11 மடங்கு அகலம்.

அண்ணாச்சி: எலுமிச்சம்பழமா! இத்தனை வருஷமாக எள்ளைக் கொடுத்து ஏமாற்றியிருக்கோமே. அதான் எனக்கு ஏழரை முடியவே மாட்டேங்குது.

டீச்சர்: அந்த ஏழரையிலும் கணக்கு இருக்கு. சனி சூரியனை ஒரு சுற்று வர ஏறக்குறைய இருபத்தொன்பதரை வருஷம். 12 ராசிக்கும் பிரித்தால் ராசிக்கு இரண்டரை. மூன்று ராசிக்கு ஏழரை.

அண்ணாச்சி: பார்த்தீங்களா, கஷ்டம் உண்மைதான்!

டீச்சர்: கணக்கு உண்மை. கஷ்டம் உங்க கடன் நோட்டில் இருக்கு. எலுமிச்சையை இரண்டாக வெட்டிக் கொடுங்க. நடுவில் பழைய சிடி ஒன்றைச் செருகினால் சனியின் வளையம் தயார்.

அண்ணாச்சி: (வெட்டியபடி) குங்குமம் தடவட்டுமா?

டீச்சர்: ஐயோ, திருஷ்டி கழிக்க இல்லை! செவ்வாய்க்குப் பெரிய கடுகு ஒன்று, புதனுக்குப் பொடிக் கடுகு ஒன்று. நிலாவுக்கு ஒரு கசகசா. பூமியிலிருந்து முக்கால் சாண் தள்ளி வைக்கணும். யுரேனஸ், நெப்டியூனுக்கு இரண்டு சின்ன வெங்காயம்.

அண்ணாச்சி: ராகு, கேது?

டீச்சர்: அவை கிரகமே இல்லை. வானத்தில் சூரியன் பாதையும் சந்திரன் பாதையும் வெட்டிக்கொள்கிற இரண்டு புள்ளி. கடையில் கிடைக்காது.

அண்ணாச்சி: அப்போ உளுந்து, கொள்ளு வியாபாரம் போச்சு. நான் படிக்கும்போது புளூட்டோன்னு ஒண்ணு இருந்ததே?

டீச்சர்: 2006-ல் குள்ளக் கோள் என்று தனியாக ஒதுக்கிவிட்டார்கள். அதன் தெருவில் அதைப் போலவே இன்னும் பல பேர் சுற்றுகிறார்களாம்.

அண்ணாச்சி: எங்க தெருவிலும் எட்டு மளிகைக் கடை இருக்கு. என்னை எப்போ ஒதுக்குவார்களோ. சரி, சூரியனுக்குப் பூசணிக்காய்?

டீச்சர்: ஒரு முழத்துக்கும் மேலே அகலம் வேணும். சாக்பீஸால் சுவரில் வட்டம் போட்டுவிடுவேன்.

அண்ணாச்சி: இருப்பதிலேயே பெரிய வியாபாரம் அதுதான். அதையும் சுவரில் எழுதிட்டீங்க.

டீச்சர்: இனிமேல்தான் சிக்கல். இதே கணக்கில் தூரமும் சரியாக வரணும். சூரியன் வகுப்பறைச் சுவரில் என்றால் பூமி 59 மீட்டர் தள்ளி, கொடிக்கம்பத்தடியில். வியாழன் 300 மீட்டரில், டீக்கடை வாசல். நெப்டியூன் ஒன்றே முக்கால் கிலோமீட்டர்.

அண்ணாச்சி: அது பைபாஸ் பக்கம் வருமே. எங்க வீடு அங்கேதான்.

டீச்சர்: தெரியும். அதனால்தான் உங்க கடைக்கு வந்தேன். உங்க வீட்டுத் திண்ணையில் ஒரு வெங்காயம் வைக்கலாமா?

அண்ணாச்சி: (போனை எடுத்து) அடியே, காலையில் திண்ணையில் ஒரே ஒரு சின்ன வெங்காயம் இருக்கும். கிரகம் அது. உரிச்சுச் சாம்பாரில் போட்டுடாதே!