நூலகத்துக்கு நான் வைத்த பாக்கி

போன மாதம் ஊரில் அம்மா வீட்டுப் பரணை ஒழித்தபோது, ஒரு பழைய அண்டாவுக்குள் என் பள்ளி நோட்டுகளோடு ஒரு பாம்புப் புத்தகம் கிடைத்தது. அட்டை போயிருந்தது. பின்பக்கம் ஒட்டியிருந்த தேதிச் சீட்டில் வரிசையாக ஊதா முத்திரைகள். கடைசி முத்திரை 14 மே 1996. புத்தகத்தின் நடுவிலும் ஒரு பக்கத்தில் நூலக முத்திரை இருந்தது. அட்டையைக் கிழித்துவிட்டாலும் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியவேண்டுமே, அதற்காக எல்லாப் புத்தகத்திலும் குறிப்பிட்ட ஒரு பக்கத்தில் நூலகர்கள் குத்தி வைப்பார்கள்.

எங்கள் கிளை நூலகப் புத்தகம்தான். எட்டாவது படிக்கும்போது எடுத்தது. எடுத்த கையோடு லீவுக்கு மாமா வீட்டுக்குப் போய்விட்டேன், வந்து பார்த்தால் தவணை தாண்டி பத்து நாள். அபராதம் என்னவோ சில்லறைக் காசுதான். ஆனால் அந்தச் சில்லறையை அப்பாவிடம் கேட்கவேண்டும், கேட்டால் எதற்கென்று சொல்லவேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினேன். தள்ளத் தள்ளக் கணக்கு ஏறியது, பயமும் ஏறியது. கடைசியில் நூலகம் இருந்த தெருவையே விட்டுவிட்டு, கோயிலைச் சுற்றிக்கொண்டு சைக்கிளில் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தேன். கல்லூரி சேரும்வரை எந்த நூலகத்துக்குள்ளும் கால் வைக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், தாமதத்துக்கு அபராதம் என்பதையே எடுத்துவிடலாம். இரண்டு நாள் மூன்று நாள் தாமதத்துக்கு வேண்டுமானால் அந்தப் பயம் வேலை செய்யும். அதைத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு நாளும் ஏறுகிற காசு புத்தகத்தைப் பரணுக்குத்தான் அனுப்புகிறது. கூடவே படிக்கிற ஆளையும்.

அமெரிக்காவில் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். சிகாகோ பொது நூலகம் 2019 அக்டோபரில் தாமத அபராதத்தைக் கைவிட்டது. நியூயார்க்கில் 2021 அக்டோபரில். அங்கே அதுவரை 15 டாலரோ அதற்கு மேலோ பாக்கி விழுந்தால் உறுப்பினர் அட்டை முடங்கிவிடும். அப்படி முடங்கிக் கிடந்தவர்கள் சுமார் 4 லட்சம் பேர், அதில் பாதிக்கு மேல் வசதி குறைந்த பகுதிகளில் இருப்பவர்கள். காசுள்ளவன் 15 டாலரை வீசிவிட்டு அடுத்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவான், இல்லாதவன் வாசலோடு நின்றுவிடுவான். அபராதம் போன பிறகு, வருடக்கணக்கில் வீட்டில் கிடந்த புத்தகங்களெல்லாம் அங்கே திரும்பி வந்தன. ஆனால் ஒன்று, தொலைத்தால் விலை கட்டத்தான் வேண்டும். புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டால் அந்தக் கணக்கும் தீர்ந்தது.

(அந்த ஊரில் ஜார்ஜ் வாஷிங்டனே பாக்கி வைத்த ஆள். 1789-ல் நியூயார்க்கின் ஒரு சந்தா நூலகத்தில் எடுத்த சட்டப் புத்தகத்தை அவர் திருப்பிக் கொடுத்ததாகக் கணக்கில் இல்லை. 2010-ல் அவருடைய வீட்டைப் பராமரிப்பவர்கள் அதே புத்தகத்தின் வேறொரு பிரதியைத் தேடி வாங்கிக் கொடுத்தார்கள். யாரும் அபராதம் கேட்கவில்லை.)

நம் ஊருக்கு வருவோம். 1948-லேயே பொது நூலகச் சட்டம் போட்ட மாநிலம் இது, அதற்குப் பின்னால் இருந்தவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகக் கட்டுகிறோம். வாடகைக்கு இருப்பவர்களும் ஹவுஸ் ஓனர் வழியாகக் கட்டத்தான் செய்கிறார்கள். அப்புறம் எட்டாவது படிக்கிற பையனிடம் சில்லறை வசூலித்து அரசு எதைச் சேர்க்கப்போகிறது?

"அபராதம் இல்லையென்றால் போட்டித் தேர்வுப் புத்தகத்தை ஒருத்தனே ஆறு மாசம் வைத்துக்கொள்வானே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கையில் இருப்பதைக் கொடுக்கும்வரை அடுத்த புத்தகம் இல்லை என்று சொல்லிவிட்டால் போதும். தவணைக்கு முந்தின நாள் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தால் இன்னும் நல்லது. நம்மில் பாதிப் பேர் மறதிக்காரர்கள்.

தொலைத்தவர் விஷயத்தில் நானும் கறார்தான். அதே புத்தகத்தை வாங்கிக் கொடுக்கட்டும், கடையில் இல்லையென்றால் விலையைக் கட்டட்டும். ஏனென்றால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்பவர் நூலகர். இருப்பு சரிபார்ப்பு என்றாலே அவருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். மத்திய அரசின் பொது நிதி விதிகளில், இரவல் போகிற, எடுத்துப் பார்க்கப்படுகிற புத்தகங்களில் ஆயிரத்துக்கு ஐந்து வரை தொலைவது இயல்பு என்று எழுதியே வைத்திருக்கிறார்கள், அதில் மோசடியோ அலட்சியமோ இருக்கக்கூடாது, அவ்வளவுதான். அந்தப் பெருந்தன்மை கிளை நூலகத்து மேசைவரை வந்து சேர்ந்தால்தான், குழந்தைகள் கையில் புதுப் புத்தகத்தைக் கொடுக்க நூலகருக்கு மனசு வரும். இல்லையென்றால் நல்ல புத்தகமெல்லாம் பூட்டிய பீரோவுக்குள்தான் இருக்கும்.

சேதம் என்று வந்தால், சாப்பிட்டுக்கொண்டே படித்த சாம்பார்க் கறைக்கெல்லாம் நான் கோபப்பட மாட்டேன், அது படித்ததற்கு அத்தாட்சி. பிளேடு வைத்து மாதிரி வினாத்தாளை மட்டும் பதமாக அறுத்துக்கொண்டு போகிறானே, அவன்மேல் எனக்குத் துளியும் இரக்கம் கிடையாது. கொடுமை என்னவென்றால் அவன்தான் புத்தகத்தைத் தவணைக்குள் கொண்டுவந்து வைக்கிறவன். எந்த அபராதத்திலும் சிக்க மாட்டான்.

சரி, பாம்புப் புத்தகம் என்ன ஆயிற்று என்றால், எடுத்துக்கொண்டு போனேன். நூலகம் இப்போது வேறு கட்டடத்தில் இருக்கிறது. நூலகர் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். தேதிச் சீட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். எவ்வளவு கட்டவேண்டும் என்று பர்ஸை எடுத்தேன்.

"புத்தகமே எங்க கணக்குல இருக்காது சார், எப்பவோ தள்ளுபடி ஆயிருக்கும். ஃபைன் எதுல போடறது?"

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் இழுப்பறையைத் திறந்து இன்னொரு பதிவேட்டை எடுத்து, என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். மேலே 'அன்பளிப்பு' என்று இருந்தது.