ராஜா குடித்த நல்லெண்ணெய்

கிருஷ்ணதேவராயர் தினமும் விடியுமுன் முக்கால் பைண்ட் நல்லெண்ணெய் குடிப்பாராம். நம் கணக்கில் 400 மில்லிக்குச் சற்று மேல். அதே எண்ணெயை உடம்பெல்லாம் பூசிக்கொண்டு, இடுப்பில் சின்னத் துணி மட்டும் கட்டிக்கொண்டு, மண்ணால் செய்த பெரிய எடைகளைத் தூக்குவார். பிறகு வாளை எடுத்துச் சுழற்றுவார், எண்ணெய் பூராவும் வியர்வையாக வெளியேறும்வரை. அப்புறம் ஒரு மல்லனோடு குஸ்தி. அது முடிந்ததும் குதிரையேறி மைதானத்தில் அங்கும் இங்கும் விரட்டுவார். இவ்வளவும் பொழுது விடிவதற்குள். குளியல் அதற்குப் பிறகுதான்.

எழுதியவர் டொமிங்கோ பயஸ். 1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்த்துக்கீசியர். ராஜா நடுத்தர உயரம், நல்ல நிறம், ஒல்லி என்பதைவிடக் கொஞ்சம் பருமன் என்றே சொல்லவேண்டும், முகத்தில் அம்மைத் தழும்புகள் என்றும் அவரே எழுதியிருக்கிறார்.

அந்த அம்மைத் தழும்பில்தான் நான் விழுந்தேன். நமக்குத் தெரிந்த ராயர் தெனாலிராமன் கதையில் வருகிற ராயர், முறுக்கு மீசை வைத்த சினிமா ராயர். கொஞ்சம் படித்தவர்களுக்கு, ஆண்டாளைப் பற்றித் தெலுங்கில் ‘ஆமுக்தமால்யதா’ பாடிய ராயர். சிதம்பரம் வடக்குக் கோபுரத்தை அவர் கட்டியதைக் கல்வெட்டு சொல்லும், தழும்பைச் சொல்லாது. அரசவைக் கவிஞன் சொன்னால் வேலை போய்விடும். எங்கிருந்தோ வந்து, பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவன்தான் இதையெல்லாம் எழுதுவான்.

திருவல்லிக்கேணி பைக்ராஃப்ட்ஸ் ரோடு நடைபாதையில், பழைய என்ஜினீயரிங் கைடுகளுக்கு நடுவில் கிடைத்தது புத்தகம். ராபர்ட் சீவெல் எழுதிய ‘எ ஃபர்காட்டன் எம்பையர்’ (மறக்கப்பட்ட பேரரசு), 1900-இல் வந்ததன் மறுபதிப்பு. அட்டை பாதி கிழிந்திருந்தது. கடைக்காரர் 150 சொன்னார், 120-க்கு வாங்கினேன். அந்த முப்பது ரூபாய்க்குப் பேரம் பேசியதற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

சீவெல் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த சிவில் சர்வீஸ் அதிகாரி. 1336-இல் இந்தியாவில் ஒரு பெரிய சம்பவம் நடந்தது, அதாவது விஜயநகரம் பிறந்தது, என்று தொடங்குகிறவர், அதற்குள் இங்கிலாந்தில் மூன்றாம் எட்வர்டின் ஆட்சி நடந்துகொண்டிருந்தது என்பதைச் செருகாமல் விடமாட்டார். சரி, அவர் ஊர் வாசகருக்கு எழுதுகிறார். ஆனால் தலைப்பு எனக்கு உறுத்தியது. யார் மறந்தார்கள்? விஜயநகரம் இருந்த ஹம்பியில், விருபாட்சர் கோயிலில் இன்றும் பூஜை நடக்கிறது. இருந்தாலும் சீவெலுக்கு நான் கடன்பட்டவன். பயஸும், அவருக்குப் பின் வந்த பெர்னாவ் நூனிஸும் எழுதியவை சுவடியாகப் பாரிஸில் கிடந்தன. டேவிட் லோப்பஸ் என்பவர் 1897-இல் லிஸ்பனில் அச்சேற்றினார். மூன்றே வருடத்தில் சீவெல் அவற்றை ஆங்கிலத்தில் கொண்டுவந்து, தன் புத்தகத்தின் பின்பாதியில் முழுசாகச் சேர்த்துவிட்டார். முன்பாதியை நீங்கள் தாண்டிப் போனாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. பின்பாதிதான் புத்தகம்.

இனிமேல் ஒரு வாக்குமூலம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு படம் சுற்றிக்கொண்டிருந்தது: “விஜயநகரம் ரோமைவிடப் பெரியது – போர்த்துக்கீசியப் பயணி”. நானும் பெருமையோடு பகிர்ந்தேன், 200 லைக் வந்தது. பயஸ் நிஜமாக எழுதியது வேறு. நகரத்தின் அளவை எழுதமுடியாது, ஏனென்றால் ஓர் இடத்திலிருந்து முழுசும் தெரியாது; ஒரு குன்றின்மேல் ஏறிப் பார்த்தேன், மலைகளுக்கு நடுவில் மறைந்து கிடப்பதால் அப்போதும் முழுசும் தெரியவில்லை; தெரிந்த அளவுக்கு ரோம் அளவு பெரிதாகத் தோன்றியது என்கிறார். படம் போட்டவர் குன்றை வெட்டிவிட்டார், “தெரிந்த அளவுக்கு” என்பதை வெட்டிவிட்டார், “அளவு” என்பதை “விட” ஆக்கிவிட்டார். எனக்கோ இப்போது அந்தக் குன்றுதான் பிடித்திருக்கிறது. மூச்சிரைக்க ஏறி, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, முழுசும் தெரியவில்லை என்று ஒத்துக்கொள்கிற ஒரு மனிதர்.

அதற்காக அவரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. நகரத்து மக்கள்தொகையை எழுதினால் கட்டுக்கதை என்பார்கள், அதனால் எழுதவில்லை என்று அடக்கமாகச் சொல்கிற அதே ஆள், ராஜாவிடம் எப்போதும் பத்து லட்சம் படைவீரர்கள் இருந்தார்கள் என்று கூசாமல் எழுதுகிறார். எண்ணிப் பார்த்தாரா என்ன? யாரோ சொல்லியிருக்கிறார்கள். பயணி கண்ணால் பார்த்த இடம் எது, காதால் கேட்ட இடம் எது என்று பிரித்துப் படிப்பதில்தான் சுவாரஸ்யமே.

ஏரிக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய ஹொஸ்பேட்டைக்கு அருகில் ராயர் பெரிய ஏரி வெட்டினார். பதினைந்து, இருபதாயிரம் பேர் எறும்பு மாதிரி, கால் வைத்த தரையே தெரியாமல் வேலை செய்ததைப் பார்த்தேன் என்கிறார் பயஸ். இது கண். கரை இரண்டு மூன்று முறை உடைந்ததாம். தெய்வம் பலி கேட்கிறது என்று பிராமணர்கள் சொல்ல, கோயில் வாசலில் 60 பேரின் தலையையும், சில குதிரைகள், எருமைகளின் தலையையும் வெட்ட உத்தரவாம். இது காதாக இருக்கலாம். பதினைந்து வருஷம் கழித்து நூனிஸ் எழுதும்போது, வெட்டப்பட்டவர்கள் மரண தண்டனைக்குரிய கைதிகள் என்று ஆகிறது. எது உண்மை? எனக்கு ஒரு சந்தேகம் உண்டு: ஊர் தன் ராஜாவை நியாயப்படுத்தக் கதையைக் கொஞ்சம் திருத்தியிருக்கும். நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

இந்த அறுபது தலைகள் ரோம் படத்தைப் பகிர்கிறவர்களின் பக்கத்தில் வராது. அறுபது தலைகளை மட்டும் பகிர்கிற இன்னொரு கூட்டம் இருக்கிறது, அங்கே ரோம் வராது. இரண்டையும் எழுதியது ஒரே கை. இரு கூட்டத்துக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: மேற்கோளைப் பார்த்தால் அதற்கு முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படியுங்கள். சீவெல் புத்தகம் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே கிடக்கிறது, பைக்ராஃப்ட்ஸ் ரோடு வரைகூடப் போகவேண்டாம்.

நூனிஸைப் பற்றி இன்னும் கொஞ்சம். அவர் குதிரை வியாபாரி என்று கருதுகிறார்கள். படித்தாலே தெரிகிறது, ஆளுக்குக் கண்ணெல்லாம் குதிரைமேல்தான். ராயருக்கு முந்தைய நரசிம்மர் காலத்தில், கடல்வழியில் செத்துப்போன குதிரைக்குக்கூட விலை உண்டாம். வாலை மட்டும் அறுத்துக் கொண்டுவந்து காட்டினால் போதும், உயிருள்ள குதிரைக்குக் கொடுக்கிற அதே காசு. குதிரைப் படைக்கு அந்த ராஜாக்கள் எவ்வளவு தவித்தார்கள் என்பதை இந்த வாலைவிட நன்றாக ஒரு ஆய்வுக் கட்டுரையும் எனக்குச் சொன்னதில்லை.

வால் என்னைப் பின்னோக்கி மார்க்கோ போலோவிடம் இழுத்துப் போனது. சுமார் 1292-இல் அவர் பாண்டிய நாட்டுக் கரைக்கு வருகிறார். தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் இருந்த காயல் துறைமுகத்தில் அன்று அரேபியக் குதிரைகள் இறங்குகின்றன. வாங்கின குதிரைகளில் பெரும்பாலானவை வருஷத்துக்குள் செத்துவிடுகின்றன, இவர்களுக்குப் பராமரிக்கத் தெரியவில்லை, இறைச்சியும் சோறும் சமைத்துப் போடுகிறார்கள் என்று போலோ புலம்புகிறார். கடன்பட்டவனைச் சுற்றித் தரையில் வட்டம் கீறிவிட்டால், கடனைத் தீர்க்காமல் அவன் அதைத் தாண்டக்கூடாது என்ற வழக்கத்தையும் சொல்கிறார். ராஜாவே குதிரைமேல் இருக்கும்போது ஒரு வெளிநாட்டு வணிகர் இப்படி வட்டம் கீற, பணம் வரும்வரை ராஜா அசையாமல் நின்றதைத் தானே பார்த்ததாக எழுதுகிறார். அது குதிரைக் கடனாகத்தான் இருக்கும் என்று என் மனசு சொல்கிறது.

அதே பகுதியில், இந்த நாட்டு மக்கள் பாத்திரத்தை உதட்டில் வைப்பதில்லை, தூக்கிப் பிடித்து வாயில் ஊற்றிக்கொள்கிறார்கள், ஒருவர் பாத்திரத்தில் இன்னொருவர் குடிப்பதில்லை என்று ஒரு குறிப்பு. போன ஞாயிற்றுக்கிழமை இதை அம்மாவிடம் தமிழில் சொன்னேன். அம்மா சொம்பை அண்ணாந்து இரண்டு மடக்கு குடித்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

“இதையெல்லாமாடா ஒருத்தன் கப்பலேறி வந்து எழுதிவச்சான்?”