சூப்பர் க்ளூ போட்டா மீன் செத்துடுமா? அந்த ஃபார்வர்ட் தப்பு

"உப்புத்தண்ணி டேங்க்ல பாறையை சூப்பர் க்ளூ போட்டு ஒட்டினா சயனைடு கரைஞ்சு மீனெல்லாம் செத்துடும், மணல் மேல சும்மா அடுக்கினாலே போதும்"னு ஒரு ஃபார்வர்ட் சுத்திட்டு இருக்கு. ரெண்டுமே தப்புங்க.

சூப்பர் க்ளூவோட வேதிப்பேரு சயனோஅக்ரிலேட், அந்தப் பேரைப் பாத்து யாரோ பயந்துட்டாங்க போல. அது சயனைடு இல்ல, ஈரம் பட்டதும் இறுகி பிளாஸ்டிக் ஆயிடும். பவளத் துண்டு ஒட்ட எல்லாரும் இந்த க்ளூவோட கெட்டியான ஜெல் வகையைத்தான் யூஸ் பண்றாங்க, இதே குடும்பத்து பசை ஒண்ணை காயத்தை மூடவே அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1998ல அனுமதிச்சிருக்கு, அவங்க சைட்லயே தேடிப் பாக்கலாம்.

உண்மையான ஆபத்து அந்த ரெண்டாவது பாதிதான். மணல் மேல வச்ச பாறைக்கு அடியில கோபி மீனும் பிஸ்டல் இறாலும் தோண்டிக்கிட்டே இருக்கும், ஒரு நாள் ராத்திரி மொத்தமா சரிஞ்சா கண்ணாடி கீறல் விழும், ஏன் உடையவே கூட செய்யலாம், அதனால அடிப்பாறையை மொதல்ல டேங்க் தரையில ஆடாம உக்கார வச்சுட்டு அப்புறமா மணல் கொட்டுங்க. க்ளூ மட்டும் பெரிய பாறையைத் தாங்காது, தட்டினா டக்குனு விட்டுடும். ரெண்டு பாறைக்கு நடுவுல எபாக்ஸி புட்டி (பிசைஞ்சு வச்சா கல்லு மாதிரி இறுகுற பசை மாவு) உருண்டை, அதுக்கு ரெண்டு பக்கமும் ஜெல், இல்லன்னா ஓட்டை போட்டு அக்ரிலிக் கம்பி சொருகலாம். இரும்பு, செம்புக் கம்பி வேணவே வேணாம், செம்பு இறாலுக்கும் பவளத்துக்கும் விஷம். (புட்டி நிறைய போட்டா ஸ்கிம்மர், அதாவது நுரை மூலமா தண்ணி அழுக்கை எடுக்குற கருவி, கொஞ்ச நேரம் நுரை கக்கும், பதறாதீங்க.)

அந்த மெசேஜ் உங்களுக்கு வந்தா தயவுசெஞ்சு யாருக்கும் தள்ளிவிடாதீங்க, அனுப்புனவங்களுக்கும் சொல்லிடுங்க.